பறிக்காத பழம்

மூன்று வயதுக் குழந்தையை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், அம்மாவும் அல்லாத பாட்டியும் அல்லாத ஒருத்தரிடம் விட்டுவிட்டு வரலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

இன்று இது ஒரு கேள்வியே இல்லை. பிளே ஸ்கூல், ப்ரீ கேஜி, எல்கேஜி என்று தெருவுக்குத் தெரு வாசல் திறந்திருக்கிறது. ஃபீஸ் எவ்வளவு, வேன் வருமா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடும். ஆனால் இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் பள்ளி என்றால் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே உள்ளவர்கள் வீட்டின் பொறுப்பு. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் யாருடைய பொறுப்பும் இல்லை.

இந்த வரலாற்றைத் தேடிப் போனால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மழலையர் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் எழுத்தையும் எண்ணையும் இரண்டாம் இடத்தில்தான் வைத்தார்கள். அவர்களுக்கு முதல் அக்கறை குணம். இந்தக் குழந்தை எப்படிப்பட்ட மனுஷியாக, மனுஷனாக வளரப் போகிறது என்பது. அவர்களில் பலர் பாதிரியார்கள், பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள், அல்லது பைபிளோடு சண்டை போட்டவர்கள். ஆகவே கிறிஸ்தவ மழலையர் பள்ளியின் கதையைச் சொன்னால் மழலையர் பள்ளியின் கதையில் பாதியைச் சொன்ன மாதிரிதான்.

முதலில் உடைக்க வேண்டும்

1732-ல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரிலிருந்து சூசன்னா வெஸ்லி தன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகன் ஜான் வெஸ்லி, பின்னாளில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள் என்று அவர் கேட்டதற்கான பதில் அது. சூசன்னா 19 குழந்தைகளைப் பெற்றவர். அதில் பாதிப்பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

கடிதத்தின் சாரம் இது: குழந்தையின் பிடிவாதத்தைத்தான் முதலில் வெல்ல வேண்டும். அறிவைப் பிறகு மெதுவாக வளர்த்துக்கொள்ளலாம், பிடிவாதத்தைத் தள்ளிப்போட்டால் அது இறுகிவிடும். அந்த வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தைகள் பிரம்புக்குப் பயப்படவும், அழுதால் சத்தமில்லாமல் அழவும் பழகினார்கள். ஐந்து வயது முடிந்த மறுநாள் பாடம் ஆரம்பம். ஒரே நாளில் மொத்த ஆங்கில எழுத்துகளும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். அதைக் கொஞ்சம் மந்தம் என்றே அந்த அம்மா கருதினார்.

கேட்டால் நமக்குப் பகீரென்கிறது. ஆனால் சூசன்னா கொடுமைக்காரி அல்ல. ஆதாம் ஏவாளிடமிருந்து வந்த பாவம் குழந்தைக்குள்ளும் இருக்கிறது, அதன் முகம்தான் பிடிவாதம் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அதை உடைக்காமல் விட்டால் குழந்தையின் ஆன்மாவுக்கே ஆபத்து. அன்பினால்தான் அடித்தார். ஆபத்தான வாக்கியம்தான், ஆனால் நம் ஊர்த் தாத்தாக்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

ஜெர்மனியின் ஹாலே நகரிலும் இதே நம்பிக்கை இருந்தது. அங்கே அனாதை இல்லமும் பள்ளிகளும் நடத்திய ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே ஏழைப் பிள்ளைகளுக்காக அவ்வளவு செய்தவர். அவரும் பிள்ளையின் சுயவிருப்பத்தை உடைப்பதே கல்வியின் தொடக்கம் என்று நினைத்தார். விளையாட்டை வீண் என்று ஒதுக்கினார். அந்த ஹாலேயோடு தொடர்புடைய சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் மண்ணில் புராட்டஸ்டன்ட் பள்ளிக்கூடத்தின் வேர் அங்கிருந்து வருகிறது.

பின்னல் அறை

1767-ல் ஜான் ஃப்ரெடெரிக் ஓபர்லின் என்ற 26 வயதுப் பாதிரியார், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் வோஜ் மலைமேல் இருக்கும் வால்டர்ஸ்பாக் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். சுற்றியுள்ள சில ஊர்களும் சேர்ந்து பான் டெ லா ரோஷ் என்று பெயர். பாறையும் பனியும்தான் மிச்சம். ரோடு கிடையாது. மக்கள் பேசியது ஒரு வட்டார வழக்கு. கீழே இறங்கினால் யாருக்கும் புரியாது. ஓபர்லின் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்களோடு சேர்ந்து ரோடு போட்டார், பாலம் கட்டினார், உருளைக்கிழங்கு விவசாயத்தைச் சரிப்படுத்தினார். அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கும் ஓபர்லின் கல்லூரி இவர் பெயரில்தான்.

அங்கே ஒரு பிரச்சினை. அப்பா அம்மா வேலைக்குப் போய்விட்டால் சின்னஞ்சிறுசுகள் தனியாகக் கிடந்தன. பெல்மோன் என்ற ஊரில் சாரா பான்ஸே என்ற இளம்பெண் தன்பாட்டில் சில பிள்ளைகளை உட்காரவைத்துக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை ஓபர்லின் கவனித்தார். 1769-ல் அவளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். பிறகு மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட அறைகள் வந்தன. நடுவில் கணப்பு அடுப்பு எரியும் ஒரு வெதுவெதுப்பான அறை, அதைச் சுற்றிப் பிள்ளைகள், நடுவே ஒரு பெண். பின்னல் அறை என்றே ஊரில் பெயர்.

அங்கே என்ன நடந்தது? கை பின்னியது. வாய் பாடியது. அந்தப் பெண் பைபிள் கதை சொன்னாள். செடிகளைக் காட்டிப் பெயர் சொல்லவைத்தாள். படங்களையும் வரைபடங்களையும் காட்டினாள். வீட்டு வழக்கோடு சேர்த்து மெல்ல பிரெஞ்சும் பழகியது. நடத்தியவர்களை ஆசிரியர் என்றுகூட அழைக்கவில்லை. பிஞ்சுகளை வழிநடத்துபவர்கள் என்று ஒரு பெயர் வைத்தார் ஓபர்லின்.

சாரா 1774-ல் இளம் வயதிலேயே இறந்துபோனாள். பிறகு அந்த வேலையில் நிலைத்தவள் லூயிஸ் ஷெப்லர். விவசாயி வீட்டுப் பெண், பதினைந்து வயதில் ஓபர்லின் வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். 1783-ல் ஓபர்லினின் மனைவி இறந்ததும் அந்த வீட்டையும் தூக்கிச் சுமந்தாள். 1793-ல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள்: இனி எனக்குச் சம்பளம் வேண்டாம், என்னை உங்கள் பிள்ளைகளில் ஒருத்தியாக நினையுங்கள் என்று. 1829-ல் பிரெஞ்சு அகாடமி நற்செயலுக்கான மோந்தியோன் பரிசை அவளுக்குத் தந்தது.

ஓபர்லினும் பக்திமார்க்கத்தில் ஊறியவர்தான். பாவம், மீட்பு எல்லாவற்றையும் நம்பியவர். காகிதத்தில் எழுதினால் அவருடைய இறையியலுக்கும் சூசன்னாவின் இறையியலுக்கும் பெரிய தூரம் இருக்காது. ஆனால் அறைக்குள் போனால் தூரம் தெரியும். இங்கே குழந்தையின் பிடிவாதத்தோடு யாரும் போர் செய்யவில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பொறுமை என்றால் என்ன என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. கம்பளி நூலில் ஒரு கண்ணி நழுவினால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும், அவ்வளவுதான்.

குணத்தை உற்பத்தி செய்யும் ஆலை

அடுத்த காட்சி ஸ்காட்லாந்தில். இது கிறிஸ்தவப் பள்ளி அல்ல, வேண்டுமென்றே அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் கிறிஸ்தவ மழலையர் பள்ளி ஏன் இங்கிலாந்து முழுக்கப் பரவியது என்று புரியாது.

நியூ லானார்க் பஞ்சாலையை 1800-லிருந்து நடத்தியவர் ராபர்ட் ஓவன். மனிதனின் குணம் அவன் உண்டாக்கியது அல்ல, சூழல் உண்டாக்கியது என்பது அவருடைய ஒரே மந்திரம். அப்படியானால் சூழலைச் சின்ன வயதிலேயே மாற்றினால் போதும். 1816 ஜனவரி 1 அன்று ஒரு கட்டடத்தைத் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர்: குண உருவாக்க நிறுவனம். கம்பெனி போர்டு மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை.

நடக்கத் தெரிந்த உடனே தொழிலாளர்களின் குழந்தைகள் அங்கே வரலாம். ஓவன் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் இருவர். ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளி, படிப்பு அரைகுறை. மாலி யங் என்ற பதினேழு வயது ஆலைப் பெண். அவர்களுக்கு ஓவன் சொன்ன விதிகள் சுருக்கமானவை. குழந்தையை எந்தக் காரணத்துக்கும் அடிக்கக் கூடாது. சொல்லாலோ செயலாலோ மிரட்டக் கூடாது. எப்போதும் இனிமையாகப் பேச வேண்டும். கூட விளையாடுகிறவரைச் சந்தோஷப்படுத்துவதே உன் வேலை என்று ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்ல வேண்டும். பெரிய குழந்தைகள் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தைக் கொண்டு தொந்தரவு செய்யக் கூடாது. பாட்டு, நடனம், சுவரில் மிருகப் படங்கள், வரைபடங்கள்.

இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் இதே ஓவன்தான் ஆலைக்குள் ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு மேலும் நான்கு நிறம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டவர். நேற்றைய நடத்தை மோசம் என்றால் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும். பிறகு நீலம், மஞ்சள். அருமை என்றால் வெள்ளை. அடி கிடையாது, திட்டு கிடையாது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரு நிறம் மட்டும். எங்கள் ஆபீஸில் ஸ்பிரின்ட் முடிவில் டாஷ்போர்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு எரியும்போது உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொல்லத் தேவையில்லை.

மற்ற முதலாளிகளிடம் ஓவன் வாதாடிய விதத்தையும் பார்க்க வேண்டும். இரும்பு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டால் லாபம் வருகிறது, உயிருள்ள இயந்திரத்தைக் கவனித்தால் இன்னும் அதிக லாபம் வரும் என்றார். அவர்களைச் சம்மதிக்கவைக்கத்தான் அப்படிப் பேசினார் என்று வாதாடலாம். இருக்கட்டும். ஆனால் குணம் யாருக்காக என்ற கேள்வி அங்கே விழுந்துவிட்டது. குழந்தைக்காகவா, ஆலைக்காகவா?

ஓவன் 1817-ல் லண்டனில் பொதுமேடையேறி எல்லா மதங்களும் தவறானவை என்று பேசினார். அவருடைய பங்குதாரர்களில் ஒருவர் வில்லியம் ஆலன், குவேக்கர் பிரிவுக் கிறிஸ்தவர், அடிமை வணிகத்தை எதிர்த்தவர், நல்ல மனிதர். ஆலனால் தாங்க முடியவில்லை. இழுபறி நடந்து 1824-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பள்ளியில் பைபிள் வாசிக்க வேண்டும். நிறுவனச் செலவில் நடனம் கிடையாது. சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டு கிடையாது. ஆறு வயதான பையன்கள் ஸ்காட்டிஷ் பாவாடையை விட்டுவிட்டுக் கால்சட்டை போட வேண்டும். அதே வருடம் ஓவன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி நியூ ஹார்மனியில் புதிய சமுதாயம் அமைக்கப் போய்விட்டார்.

இரண்டு தரப்புமே குழந்தைகளின் நன்மைக்காகத்தான் சண்டை போட்டது. சண்டை முடிந்தபோது குழந்தைகள் இழந்தது நடனத்தை.

வில்டர்ஸ்பினின் தோட்டம்

புக்கானனை ஏற்கெனவே லண்டனுக்கு வரவழைத்திருந்தார்கள். அங்கே அவர் நடத்திய பள்ளியின் வழியாக இந்த யோசனை சாமுவேல் வில்டர்ஸ்பினை எட்டியது. வில்டர்ஸ்பின் ஆழ்ந்த கிறிஸ்தவர், ஆனால் ஸ்வீடன்போர்க்கைப் பின்பற்றும் சிறு சபையைச் சேர்ந்தவர். ஆகவே பெரிய சபைகளுக்கு அவர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். 1820-ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், பட்டு நெசவாளர்கள் வறுமையில் நெருக்கியடித்து வாழ்ந்த தெருவில், அவரும் மனைவியும் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள்.

முதல் நாள் கதையை அவரே எழுதியிருக்கிறார். அம்மாக்கள் விட்டுவிட்டுப் போனதும் ஒரு குழந்தை அழ, அது தொற்றி மொத்த அறையும் ஓலமிட்டது. இருவருக்கும் கை கால் ஓடவில்லை. கடைசியில் மனைவியின் தலைத் தொப்பியை எடுத்து ஒரு கழியின் நுனியில் மாட்டி உயர்த்தினார். அழுகை நின்றது. குழந்தைக்குப் புத்திமதி சொல்வதற்கு முன்னால் அதன் கண்ணுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குக் கிடைத்த பாடம். ஜூன் மாதத்தில் எந்த எல்கேஜி வாசலில் நின்று பார்த்தாலும் இதே காட்சிதான். கழிக்குப் பதில் செல்போன்.

வில்டர்ஸ்பினின் முக்கியமான கண்டுபிடிப்பு வகுப்பறையில் இல்லை, வெளியே இருந்தது. விளையாட்டு மைதானம். அதைக் கூரையில்லாத பள்ளியறை என்றே அவர் கருதினார். அதன் ஓரங்களில் பூச்செடிகளும் பழமரங்களும் நட்டார். வேலி இல்லை. குழந்தையின் கைக்கு எட்டும் இடம். பறிக்கக் கூடாது என்பது மட்டும் விதி.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் பசித்த பிள்ளைகளுக்கு நடுவே பழமரம்! பைபிள் தெரிந்தவர்களுக்கு இது எந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வில்டர்ஸ்பின் அந்தக் கதையை ஒரு திருப்பு திருப்பினார். ஏதேனில் ஆதாமும் ஏவாளும் தோற்றார்கள், அதனால் எல்லாக் குழந்தைகளும் தோற்பார்கள் என்பது சூசன்னாவின் வாசிப்பு. இந்தக் குழந்தைகளால் ஜெயிக்க முடியும், ஆனால் அதற்கு மரம் அவர்கள் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது வில்டர்ஸ்பினின் வாசிப்பு. பூட்டிவைத்த பழத்தைத் திருடாமல் இருப்பதில் என்ன நேர்மை இருக்கிறது? யாராவது தவறு செய்தால் குழந்தைகளையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரிக்கவும் செய்தார்.

இந்த முறைக்குள் நம் ஊர்ச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் ஆசிரியர்களைச் செய்யச் சொன்னார். அவர்கள் முகம் சுளித்தார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனை வாத்தியாராக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லித்தரவைத்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார், மெட்ராஸ் முறை என்று உலகம் சுற்றியது. வில்டர்ஸ்பின் பள்ளியிலும் குட்டிச் சட்டாம்பிள்ளைகள் இருந்தார்கள். நம் திண்ணையிலிருந்து கோதண்டம் கப்பலேறாமல் மணல் மட்டும் ஏறியது நல்லதாகப் போயிற்று.

ஆனால் வெற்றியே வில்டர்ஸ்பினுக்கு வினையானது. நிறையக் குழந்தைகளை ஒரே நேரத்தில் பார்க்க அவர் படிப்படியாக உயரும் இருக்கை வரிசையை அமைத்திருந்தார். பரவப் பரவ, பள்ளிகள் தோட்டத்தை விட்டுவிட்டு அந்தப் படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. வரிசையாக உட்காரவைத்து, கோரஸாக ஒப்பிக்கவைப்பது சுலபம். மரம் வளர்ப்பது கஷ்டம். இன்னொரு பக்கம், அவர் மதத்தைப் போதுமான அளவு புகட்டவில்லை என்று நினைத்த எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் 1836-ல் தனிச் சங்கம் அமைத்து, மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்கள்.

இரண்டு சுவர்கள்

நான் படித்தது நெல்லைப் பக்கம் ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த பாலர் பள்ளியில். எங்கள் வீட்டில் வாசலில் மாக்கோலம், பூஜை அறையில் முருகன். பள்ளியில் காலையில் கண்ணை மூடி ஜெபம். நாலு வயதில் எனக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. ஞாபகத்தில் மிஞ்சியிருப்பது ஜெபத்தின் வார்த்தைகள் அல்ல. டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் டீச்சர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கொண்டுவந்திருக்கிறானா என்று பார்க்கச் சொல்வார். அவரும் பார்ப்பார். இல்லாதவனுக்கு முதல் இட்லி அவருடைய டப்பாவிலிருந்துதான் போகும்.

இப்போது என் மகளுக்குப் பள்ளி தேடும்போது அம்மாவிடம் கேட்டேன், "அப்ப உங்களுக்கு யோசனையா இல்லையாம்மா, வேதக்காரங்க பள்ளிக்கூடமாச்சேன்னு?"

"என்னத்துக்குல யோசனை? அந்த டீச்சர் ஒருநாளும் பிள்ளைய கைநீட்டுனதில்ல பாத்துக்கோ. உங்கப்பா பட்டாசு மாதிரி கத்துவாரு. நீ அங்க போயிதான் மெதுவா பேசப் படிச்ச."

அம்மாவுக்கு ஓவனையும் தெரியாது, ஆலனையும் தெரியாது. இருநூறு வருடச் சண்டையை ஒரே தாவில் தாண்டிவிட்டாள்.

இந்தத் தேடலில் ஒரு பள்ளிக்குப் போனோம். எந்த மதமும் சாராத, எல்லாம் அறிவியல்பூர்வம் என்று சொல்லிக்கொள்கிற பள்ளி. சுவரில் ஒரு பெரிய சார்ட்: இடதுபக்கம் குழந்தைகளின் பெயர்கள், மேலே அன்பு, பகிர்தல், நேர்மை என்று தலைப்புகள், கட்டங்களில் நட்சத்திர ஸ்டிக்கர்கள். ஒரு குழந்தையின் வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. அதற்கு வயது மூன்றோ மூன்றரையோ. அந்த வரிசையை அது தினமும் பார்க்கிறது. நான் நியூ லானார்க்கின் மரக்கட்டையைத்தான் நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "நேர்மைக்கு மூணு ஸ்டார்னா, நாலாவது ஸ்டாருக்கு அது என்ன பொய் சொல்லணும்?"

தடை செய்யப்பட்ட தோட்டம்

குணம் என்ற சொல்லைப் பார்த்து அரசாங்கங்களும் பயந்திருக்கின்றன. ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் ஜெர்மனியின் துரிங்கியாவில் ஒரு லுத்தரன் பாதிரியாரின் மகன். ஒன்பது மாதத்தில் தாயை இழந்தவர். 1840-ல் தன் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம். கம்பளிப் பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை. இவற்றைக் குழந்தை உருட்டி, அடுக்கி, பிரித்துப் பார்க்கும்போது படைப்பின் ஒழுங்கு அதற்குத் தானாகப் புலப்படும் என்று நம்பினார். எல்லாவற்றிலும் கடவுள் இருக்கிறார், குழந்தைக்குள்ளும் இருக்கிறார் என்பதே அவருடைய அடிப்படை. இதைவிடப் பக்திமயமான கல்வியாளரைக் காண்பது கஷ்டம்.

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. காரணம்? நாத்திகமும் சோஷலிசமும். அமைச்சர் ஃபான் ரௌமர், ஃப்ரோபெலின் உறவுக்காரரான கார்ல் ஃப்ரோபெல் எழுதியதை இவருடையதாக எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் தடை நீங்கவில்லை. 1848 புரட்சியைப் பார்த்து நடுங்கியிருந்த அரசுக்கு, தானாக யோசிக்கும் மூன்று வயதுக் குழந்தையே போதுமான அச்சுறுத்தல். ஃப்ரோபெல் அடுத்த வருடம் ஜூனில் இறந்தார். தடை 1860-ல்தான் விலகியது. அதே பிரஷ்யாவில் பாதிரியார் தியோடர் ஃப்ளீட்னர் கைசர்ஸ்வெர்த்தில் நடத்திய கிறிஸ்தவ மழலையர் பள்ளிக்கும், பெண் ஊழியர்களுக்கான பயிற்சிக்கும் எந்த இடைஞ்சலும் வரவில்லை. ஒரு பள்ளியில் கடவுள் பெயர் சத்தமாக ஒலித்தது, இன்னொன்றில் மௌனமாக இருந்தது. அரசுக்குச் சத்தம்தான் காதில் விழும்.

கோதுமையும் அடையாறும்

மரியா மாண்டிசோரியை நாம் மதம் சாராத அறிவியல் கல்வியின் தாயாக அறிவோம். 1907-ல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் புகழ்பெற்றது. அவ்வளவாகப் பேசப்படாதது, பார்சிலோனாவில் அவர் நடத்திய கத்தோலிக்கப் பரிசோதனை. அங்கே குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலிகளோடு ஒரு ஜெப அறை. குழந்தைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சை வளர்த்தார்கள். திருப்பலியில் அப்பமும் ரசமும் ஆகப்போகிற அதே கோதுமை, அதே திராட்சை. மறைக்கல்வியைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யவைக்கும் காலத்தில், விதை முளைக்கும்வரை காத்திருக்கவைத்தார்.

அதே மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்தார், தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அவரையும் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றது. 1940 ஆகஸ்டில், அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். சென்னையிலும் பிறகு கொடைக்கானலிலும் அவர் நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லோரும் மாணவர்கள். பார்சிலோனாவில் செய்ததை அவர் மறைக்கவும் இல்லை, இங்கே திணிக்கவும் இல்லை. குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் பொருளை வை, அதை நம்பு, அவசரப்படாதே. இரண்டு இடத்திலும் இதுதான் நடந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு, கிறிஸ்தவப் பள்ளியா வேறு பள்ளியா என்ற கேள்வி எனக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. மதம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை எந்தக் கதைகளைக் கேட்டு வளர்கிறது என்பதில் பெற்றோருக்குப் பேச்சுரிமை உண்டு. அது வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும், ரகசியமாக ஊட்டப்படக் கூடாது. ஆனால் சூசன்னாவும் லூயிஸ் ஷெப்லரும் ஒரே புத்தகத்தைத்தான் நம்பினார்கள். ஒரு வீட்டில் குழந்தை சத்தமில்லாமல் அழக் கற்றது, இன்னொரு அறையில் பாடிக்கொண்டே பின்னக் கற்றது. அதேபோல மரக்கட்டையைத் தொங்கவிட்டவரும் அடிக்கவே கூடாது என்று விதி எழுதியவரும் ஒரே ஓவன்தான். கொள்கையின் பெயர்ப்பலகையை வைத்து உள்ளே நடப்பதைக் கணிக்க முடியாது.

ஆகவே பள்ளி பார்க்கப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரின்சிபால் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேளுங்கள், போதும். பிறகு எழுந்து நடந்து பாருங்கள். ஆயாம்மாவிடம் டீச்சர் எந்தக் குரலில் பேசுகிறார்? அழுகிற பிள்ளையை யார் முதலில் தூக்குகிறார்கள்? உடையக்கூடிய ஒரு பொருளாவது குழந்தையின் கைக்கு எட்டும்படி இருக்கிறதா, இல்லை எல்லாமே அலமாரியின் மேல்தட்டிலா? செடி இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிவலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வலை இல்லாமல் பூ நிற்கிறது என்றால், அந்த இடத்தில் யாரோ ஒருவர் குழந்தைகளை நம்பி ரொம்ப நாள் காத்திருந்திருக்கிறார்.